ஓட ஓட பெட்ரோல் ஏறிய கார்

என்னிடம் 1974ஆம் வருட மினி ஒன்று இருக்கிறது. மினி 1000, 998 சிசி எஞ்சின். நான் குடியிருக்கும் பர்மிங்காமிலேயே, லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்தது. இந்த மாடலில் டிரைவருக்கு நேர் எதிரே மீட்டர் எதுவும் கிடையாது. டேஷ்போர்டின் நடுவில் ஒரு நீள்வட்டப் பெட்டி, அதன் மத்தியில் ஸ்பீடோமீட்டர், அதற்குள்ளேயே பெட்ரோல் கேஜ், இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு டெம்பரேச்சர் கேஜ், ஒரு ஆயில் பிரஷர் கேஜ். ஆயில் கேஜுக்கு எஞ்சினிலிருந்து ஒரு குழாயே வருகிறது, அதற்கு வயர் வேலை இல்லை. மற்ற இரண்டும் கரண்டில் ஓடுபவை. இந்த அனுபவம் அந்த இரண்டையும் பற்றியது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மீட்டர் விளக்கு எரியவில்லை. பெட்டியைக் கழற்றி பல்பை மாற்றினேன். கழற்றியதுதான் கழற்றினோம் என்று, நுனியில் மாட்டியிருக்கும் உலோக லக் துருப்பிடித்திருந்த நான்கைந்து வயர்களின் நுனியை வெட்டிப் புது லக் போட்டேன். இருட்டிவிட்டது. தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் கழுத்தை வளைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். விளக்கு எரிந்தது. சந்தோஷமாகப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பங்க்கில் டேங்க்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். அரை நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறி சிவப்பில் போய் நின்றது. பெட்ரோல் முள் காலியிலிருந்து அசையவே இல்லை. வீட்டிலிருந்து பங்க்குக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, எஞ்சின் சரியாகச் சூடாகவே இல்லை. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் முள் சிவப்பைக் காட்டுகிறது என்றால் அது எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை, வேறு எதையோ பற்றிப் பேசுகிறது. ஆனால் எனக்கு சிவப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது. அது எந்த நேரத்தில் சிவப்பானது என்பது படவில்லை.

அந்த வாரம் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை, மாற்றினேன். புது கேஸ்கெட், புது கூலன்ட், ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை. வாரம் முழுக்க ஓட்டி டேங்க் பாதியாகியிருந்த நேரம் அது. டெம்பரேச்சர் முள் நட்டநடுவில் வந்து நின்றது. தெர்மோஸ்டாட்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். பெட்ரோல் முள் மட்டும் காலையில் காலி என்று காட்டும், பத்து நிமிடம் ஓடியதும் மெல்ல ஏறிப் பாதியில் நிற்கும். டேங்க்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் டேங்க் யூனிட் பழசு, ஒட்டிக்கொள்கிறது போல என்று நினைத்து இணையத்தில் அதற்கும் ஒன்று ஆர்டர் செய்தேன். கோளாறே இல்லாத இரண்டு சாமான்களுக்குப் பணம் போனது. அதைவிடப் பெரிய சேதம் வேறு. மாற்றிய சாமானும் முள் சரியானதும் தற்செயலாக ஒரே நாளில் அமைந்ததால், தப்பான நம்பிக்கை ஒன்று எனக்குள் ஊறிவிட்டது.

அந்த நம்பிக்கை ஏப்ரல் கடைசியில் கிட்டத்தட்ட எஞ்சினையே காவு வாங்கப் பார்த்தது. ஏ38 சாலையில், நார்த்ஃபீல்ட் தாண்டி, மாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். டெம்பரேச்சர் முள் நடுவில், அசைவே இல்லாமல் நின்றது. பெட்ரோல் முள் மட்டும் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, ஃபுல்லைத் தொட்டது. அன்றைக்கு நான் பெட்ரோலே போடவில்லை. டேங்க் யூனிட் அடியோடு போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கூலன்ட்டின் அந்த இனிப்பு வாடை உள்ளே வந்தது. ஓரம்கட்டி பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருந்தது. தெர்மோஸ்டாட் மாற்றத் தண்ணீரை வடித்தபோது அந்தக் கிளிப்பைக் கழற்றியதும் நான்தான், சரியாக முறுக்காமல் விட்டதும் நான்தான். நாற்பது நிமிடம் ஆறவிட்டு, பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில்தான் பாயும். ஹெட் கேஸ்கெட் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

மே மாதம் மாமாவும் அத்தையும் ஊரிலிருந்து வந்தார்கள். மாமா மதுரையில் சிம்மக்கல் பக்கம் முப்பத்தைந்து வருடம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். அம்பாசடர், ஃபியட், லாரி, டிராக்டர் என்று எல்லாவற்றுக்கும் வயரிங் செய்தவர். வந்த மறுநாளே, காபி குடித்துக்கொண்டே, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுந்து வண்டியைப் பார்க்கப் போகவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள்வி கேட்டார்.

“பெட்ரோல் முள்ளு எப்ப ஏறுது மாப்பிள்ளை? வண்டி கிளம்புனதுமா, கொஞ்ச நேரம் ஓடுனப்புறமா?”

“கொஞ்ச நேரம் ஓடினப்புறம்தான் மாமா. பத்து நிமிஷம் ஆகும்.”

“வண்டிய நிறுத்தி ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்ப எடுத்தா?”

யோசித்தேன். “அப்ப கொஞ்சம் ஏறியிருக்கும். முழுசா கீழ இருக்காது.”

“சரி. ஹீட் முள்ளு செவப்புக்குப் போன அன்னைக்கு பெட்ரோல் போட்டீங்களா?”

“ஆமா மாமா, அன்னைக்குத்தான் ஃபுல் பண்ணேன்.”

“அப்ப ஒண்ணும் பெருசா இல்ல. ரெண்டு வயரும் மாறிக் கெடக்கு. பெட்ரோல் முள்ளு எஞ்சின் சூட்டக் காட்டுது, ஹீட் முள்ளு பெட்ரோலக் காட்டுது.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மார்ச்சிலிருந்து நான் பார்த்த ஒவ்வொன்றும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்தது. டேங்க் நிறைந்திருந்த அன்று சிவப்பு, டேங்க் பாதியானபோது ‘நார்மல்’. காலையில் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் காலி, ஓடியதும் பாதி. சாலையில் எஞ்சின் கொதித்த அன்று பெட்ரோல் ஃபுல். இரண்டு முள்ளுமே எனக்கு உண்மையைத்தான் காட்டிக்கொண்டிருந்தன, ஆனால் ஒன்றின் உண்மையை மற்றொன்று.

மாற்றிப் போட்டால் ஃபியூஸ் போகாதா, புகை வராதா, எப்படி இரண்டும் இவ்வளவு அழகாக வேலை செய்தன என்று கேட்டேன். இது தெரிந்தால் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கேஜ் கோளாறில் பாதி புரிந்துவிடும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த வகை கேஜுக்குள் காந்தம் எதுவும் கிடையாது. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். சுருளில் கரண்ட் போனால் தகடு சூடாகி வளையும், வளைந்தால் முள் நகரும். கரண்ட் கூடினால் முள் கூட ஏறும். சூடாவதற்கு நேரம் எடுக்கும் என்பதால்தான் சாவியைத் திருப்பியதும் முள் துள்ளாமல் சோம்பலாக ஏறுகிறது. அந்தக் கரண்ட் கேஜ் வழியாகப் போய், கடைசியில் ஒரு மாறும் தடை வழியாக பாடி எர்த்தில், அதாவது பேட்டரிக்குத் திரும்பும் பாதையான வண்டியின் உலோக உடம்பில், இறங்குகிறது. பெட்ரோலுக்கு அந்தத் தடை டேங்க் யூனிட்டில் இருக்கிறது. மிதவையின் கை ஒரு கம்பிச் சுற்றின் மேல் வழுக்குகிறது. டேங்க் காலி என்றால் ஏறக்குறைய 240 ஓம், நிறைந்திருந்தால் ஏறக்குறைய 20 ஓம். எஞ்சினில் அந்தத் தடை, தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் சிலிண்டர் ஹெட்டில் திருகியிருக்கும் சென்சார். குளிர்ந்திருக்கும்போது தடை மிக அதிகம், சூடாகச் சூடாகக் குறைந்துகொண்டே வரும். கொதிநிலைக்கு வரும்போது அதுவும் சில பத்து ஓம்களுக்கு இறங்கிவிடும்.

ஆக இரண்டு கேஜும் உள்ளே ஒரே அச்சு, முகத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் வேறு. ஃபுல் டேங்க்கும் கொதிக்கும் எஞ்சினும் அதற்கு ஒன்றேதான், குறைந்த தடை. காலி டேங்க்கும் குளிர்ந்த எஞ்சினும் ஒன்றுதான், அதிகத் தடை. வயர் மாறினால் எதுவும் எரியாது, எந்த ஃபியூஸும் போகாது. எரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இருந்தாலும் மாமா ஊகத்தை நம்பி ஸ்க்ரூடிரைவரை எடுப்பவர் இல்லை. முதலில் ஒரு சோதனை. மினியில் டேங்க் டிக்கிக்குள் இடது பக்கம் இருக்கிறது, யூனிட்டின் வயர் கைக்கு எட்டும். சாவி அணைத்த நிலையில் டிக்கியைத் திறந்து காற்றாட விட்டோம். யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றி, நுனி எதிலும் படாமல் டேப் சுற்றி வைத்தோம். அப்புறம்தான் முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சாவி போட்டபடி வயரைப் பிடுங்குவது, உரசிப் பார்ப்பது எல்லாம் கூடவே கூடாது. ஒரு சின்னப் பொறி போதும்.

ஒரு நிமிடம் காத்திருந்தோம். டெம்பரேச்சர் முள் அடிமட்டத்தில் கிடந்தது, ஏறவே இல்லை. அதற்கு முந்தைய நிமிடம் வரை நடுவில் நின்ற முள் அது. டேங்க்கின் வயரைக் கழற்றினால் எஞ்சின் சூடு குறையுமா? சந்தேகத்துக்கு இனி இடமே இல்லை.

மீட்டர் பெட்டியைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். பின்பக்கம் இரண்டு பச்சை வயர்கள். எனக்கு இரண்டிலும் கறுப்புக் கோடுதான் தெரிந்தது. மாமா கைலி முனையில் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஒரு வயரை ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தித் துடைத்தார். துணியில் ஐம்பது வருட அழுக்கு பழுப்பாக ஏறியது. துடைத்த இடத்தில் கறுப்புக் கோடு நீலமாக மாறியது. வயரை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். “பச்சைல நீலம் ஹீட்டு. பச்சைல கறுப்பு டேங்க்கு. இத டார்ச் லைட்டுல பாத்தா யாருக்குமே தெரியாது, உங்க தப்பு இல்ல.”

அவருக்கு அந்த நிறங்கள் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் சாமான் செய்யும் லூகாஸ் கம்பெனியின் நிறங்கள்தானே என்றார். பர்மிங்காமில் கிரேட் கிங் ஸ்ட்ரீட்டில் பெரிய தொழிற்சாலை வைத்திருந்த அதே லூகாஸ்தான், 1961ல் டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்ஸைத் தொடங்கியது. அந்த நிறக் கணக்கைத் தன் குருநாதரிடம் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார் மாமா. பிரவுன் என்றால் நேரே பேட்டரியிலிருந்து வருவது. வெள்ளை என்றால் சாவி போட்டதும் வருவது. பச்சை என்றால் சாவிக்கும் ஃபியூஸுக்கும் பின்னால் வருவது. கறுப்பு எர்த். வெளிர்பச்சை என்றால், கேஜ்களுக்கு வோல்ட்டைச் சீராக்கிக் கொடுக்கும் ஸ்டெபிலைசருக்குப் பிறகு. பிரிட்டனில் இதற்கு பி.எஸ். ஏயூ 7 என்று ஒரு தரநிர்ணயமே உண்டு. மதுரையில் கற்ற பாடம் அது பிறந்த ஊரிலேயே வேலைக்கு வந்ததில் மாமாவுக்கு ஒரு பெருமை. அன்று சாயங்காலம் கிரேட் கிங் ஸ்ட்ரீட் எங்கே இருக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஒரு எச்சரிக்கை. நிறம் ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை. நாலு கை மாறிய பழைய வண்டியில் யார் எந்த வயரை எந்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கையிலிருந்த சிவப்பு வயரையே எல்லாவற்றுக்கும் ஓட்டிய வண்டிகள் ஊரில் ஏராளம் என்றார் மாமா. அதனால் நிறம் பார்த்த பிறகும் மீட்டரில் தொடர்ச்சி பார்த்தோம். டேங்க் முனைக்கும் கேஜ் முனைக்கும் இடையே ஓம் மீட்டரை வைத்தால் பூஜ்யத்துக்குக் கிட்டே காட்ட வேண்டும். காட்டியது. வயர்களை இடம் மாற்றினோம். இரண்டிலும் மாஸ்கிங் டேப் சுற்றி, மாமா பேனாவால் ஒன்றில் ‘பெ’, மற்றொன்றில் ‘சூ’ என்று எழுதினார்.

பெட்டியை மாட்டினோம், பேட்டரியைக் கொடுத்தோம், வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் விட்டோம். வயர்கள் சரிதான். பெட்ரோல் முள் எஞ்சின் சூடாகும் முன்பே ஏறி நின்றது, டெம்பரேச்சர் முள் கீழிருந்து மெல்ல மெல்ல ஏறியது. ஆனால் பெட்ரோல், பாதி டேங்க்குக்கு முக்கால் காட்டியது. டெம்பரேச்சர் நடுவைத் தாண்டி சிவப்புக்குப் பக்கத்தில் போனது. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு மாமா சொன்னதை நான் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்: “ஒண்ணு மட்டும் தப்புன்னா அதோட வயரப் பாருங்க. ரெண்டும் ஒரே பக்கமா தப்புன்னா ரெண்டும் சோறு திங்கிற எடத்தப் பாருங்க.”

இரண்டும் சோறு தின்னும் இடம்தான் ஸ்டெபிலைசர். பேட்டரியில் எஞ்சின் ஓடாதபோது 12 வோல்ட்டுக்கு மேல், ஓடும்போது 14 வரை போகும். அதை நேரே கொடுத்தால் முள்ளும் கூடவே ஆடும். அதனால் தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு தகரப் பெட்டி இவற்றுக்குச் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கிறது. ‘சராசரியாக’ என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருப்பதும் சூடானால் வளையும் தகடுதான். சூடாகி வளைந்து தொடர்பை வெட்டும், ஆறி நிமிர்ந்து திரும்பச் சேர்க்கும். முழு வோல்ட், பூஜ்யம், முழு வோல்ட், பூஜ்யம் என்று மாறி மாறி வரும். கேஜ் சோம்பேறி என்பதால் அதற்கு அது 10 வோல்ட்டாகவே தெரிகிறது. டிஜிட்டல் மீட்டரில் பார்த்தால் எண்கள் கன்னாபின்னாவென்று தாவும். ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

அதைச் சோதிக்க மாமாவிடம் இருந்த கருவி, ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்த டெஸ்ட் லேம்ப். ஒரு ஹோல்டர், இரண்டு வயர், ஒரு முனையில் முதலைக் கிளிப். அதில் 2.2 வாட் மீட்டர் பல்பைப் போட்டு, கிளிப்பை பாடியில் கடித்து, மற்ற முனையை ஸ்டெபிலைசரின் வெளிவாய்க்கு வைத்தார். நல்ல ஸ்டெபிலைசர் என்றால் பல்பு விட்டு விட்டு மினுக்க வேண்டும். எங்களுடையது விடாமல் பளிச்சென்று எரிந்தது. முழு 12 வோல்ட்டும் நேரே போய்க்கொண்டிருந்தது.

ஸ்டெபிலைசரின் உலோக உடம்புக்கு எர்த் கிடைத்தால்தான் அதன் சூட்டுச் சுருளில் கரண்ட் ஓடும். எர்த் இல்லையென்றால் தகடு சூடாகாது, தொடர்பு வெட்டாது, உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். அந்த எர்த் வருவது ஸ்பீடோமீட்டரின் முதுகில் அதைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு திருகின் வழியாக. அன்று பெட்டியைக் கழற்றி மாட்டும்போது அந்தத் திருகை நான் விரலால் மட்டும் முடுக்கியிருந்தேன், பல் வாஷரும் தரையில் கிடந்தது. உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் தேய்த்து, வாஷரோடு இறுக்கினோம். பல்பு மினுக்கத் தொடங்கியது. மாமா அந்த மினுக்கலை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகும் கேஜ் சரியா என்று உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. டேங்க் யூனிட்டைக் கழற்றிவிட்டு அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினால் முள் ஏறக்குறைய பாதியில் நிற்க வேண்டும். சில பைசா சாமான், இரண்டு வாட் தாங்குவதாக வாங்கிக்கொள்ளுங்கள். வயரை நேரடியாக எர்த்தில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அப்போது தடையே இல்லாமல் கரண்ட் பாயும். முள் ஏறத் தொடங்கியதுமே எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் கேஜின் சுருள் கருகும். டேங்க் யூனிட்டுக்கு 12 வோல்ட்டை நேரே கொடுத்துப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

ஆர்டர் செய்த டேங்க் யூனிட் பெட்டி பிரிக்காமலே இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். அப்படியே வேறு பிராண்ட் கேஜோ யூனிட்டோ வாங்குகிறவர்களுக்கு ஒன்று. எல்லா வண்டிக்கும் ஓம் கணக்கு ஒன்று இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டியில் 240லிருந்து 20. விடிஓ என்ற பிராண்ட் கேஜ்களில் தலைகீழ், காலிக்கு 10, நிறைந்தால் 180. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 0, நிறைந்தால் 90. பழைய ஃபோர்டில் காலிக்கு 73, நிறைந்தால் 10. லெஸ்டரில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் பழைய வண்டிக்கு அழகான புது கேஜ் வாங்கி மாட்டினார். டேங்க் காலியாகக் காலியாக முள் ஏறியது. வயரை மூன்று முறை மாற்றிப் பார்த்தார். வயரில் தப்பே இல்லை. யூனிட்டும் கேஜும் எதிரெதிர் பாஷை பேசிக்கொண்டிருந்தன. வாங்குவதற்கு முன் யூனிட்டைக் கழற்றி, மிதவையைக் கையால் மேலும் கீழும் அசைத்து ஓம் மீட்டரில் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமா தன் கடையில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு வாடகை அம்பாசடர். ஆம்ப் மீட்டர் முள் எப்போதும் மைனஸில். டிரைவர் பேட்டரி மாற்றி, டைனமோ ஆர்மேச்சர் மாற்றி, கட்அவுட் மாற்றி, கடைசியாக மாமாவிடம் வந்தார். மாமா எஞ்சினை அணைக்கச் சொல்லி ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். எஞ்சின் ஓடாமல் லைட் எரிந்தால் பேட்டரியிலிருந்து கரண்ட் போகிறது, முள் மைனஸுக்குத்தான் போக வேண்டும். அது பிளஸுக்குப் போனது. மீட்டரின் பின்னால் இரண்டு வயரையும் யாரோ இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். சார்ஜ் நன்றாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. “அந்த டிரைவர் தம்பிக்கு ரெண்டு மாச சம்பாத்தியம் போச்சு” என்று சொன்னபோது மாமாவின் குரல் இறங்கியது. அவருக்கு அது இன்னும் வருத்தம்தான். ஆம்ப் மீட்டரைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். அது கரண்ட் போகும் பாதையின் நடுவே வெட்டி மாட்ட வேண்டியது. வோல்ட் மீட்டரைப் போல ஒரு முனையை பேட்டரிக்கும் மறுமுனையை எர்த்துக்கும் கொடுத்தால், அது பேட்டரியை ஷார்ட் செய்வதற்குச் சமம். வயர் பழுக்கும், வண்டியே தீப்பிடிக்கும்.

அடுத்த சனிக்கிழமை எங்களுடைய கடைசி வேலை. முள் நகர்கிறது, சரியான வயரில் நகர்கிறது, சரியான வோல்ட்டில் நகர்கிறது. ஆனால் கால் என்றால் எத்தனை லிட்டர்? மினியின் டேங்க் 25 லிட்டர்தான், ஒவ்வொரு லிட்டரும் கணக்கு. அந்த வாரம் பெட்ரோலைத் தீரவிட்டு, 5 லிட்டர் கேனில் வாங்கி வந்து, சமதளத்தில் நிறுத்தி ஊற்ற ஊற்றக் குறித்தோம். ஒவ்வொரு முறையும் சாவி அணைத்து ஊற்றி, மூடி போட்டு, பிறகு சாவி போட்டு முழுசாக ஒரு நிமிடம் காத்திருந்து படித்தோம். மாமா படிக்க, நான் எழுதினேன். டெம்பரேச்சருக்கு, தெர்மோஸ்டாட் மூடியின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினோம். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன். முள் நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றபோது தெர்மாமீட்டர் 84 காட்டியது. அந்த இடத்தில் கண்ணாடி மேல் சின்னதாக ஒரு புள்ளி வைத்தோம்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏ38ல் தண்ணீர் ஒழுகியதை நினைத்தால் தோன்றுவது. டெம்பரேச்சர் சென்சார் அளப்பது தண்ணீரின் சூட்டை. தண்ணீரே ஒழுகிப் போய் சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழேகூட இறங்கலாம். ஓடும் வண்டியில் முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் நிறுத்திப் பாருங்கள்.

மாமாவும் அத்தையும் ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மாமா நான் எழுதிய அட்டையை வாங்கி, தன் கையெழுத்தில் திருத்தமாக மறுபடி எழுதினார். காலிக் கோடு என்றால் 3 லிட்டர் மிச்சம், கால் என்றால் 8, பாதி என்றால் 13, முக்கால் என்றால் 19. அதற்குக் கீழே: ‘ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுனா மொதல்ல எர்த் திருகு.’ அட்டை டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் தட்டில் கிடக்கிறது. பங்க்கில் நிரப்பிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் நான் இன்றைக்கும் முதலில் பார்ப்பது டெம்பரேச்சர் முள்ளைத்தான். அது அசையாமல் கிடக்க, நடுவில் பெட்ரோல் முள் சோம்பலாக ஏறி ஃபுல்லுக்குப் போகிறது.